எந்தப் பாட்டில் முதலில் தீர்ந்தது

ஜனவரி 18

சுண்டெலிக்கு அண்ணி எழுதுவது.

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே நான்தான் என்று தெரிந்திருக்கும். கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று நீ எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய். நான் ஐந்தாவதோடு நின்றவள். பேக்கரியில் பாக்கெட் மேல் தேதி எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். இவ்வளவு பெரிய வெள்ளைத் தாளைப் பார்த்தால் எங்கே ஆரம்பிப்பது என்று கை ஓடவில்லை.

போன் செய்தால் மணி அடிக்கிறது. அடித்து அடித்து அதுவே ஓய்ந்துவிடுகிறது. நீ எடுப்பதில்லை.

என் மேல் கோபத்தில் எடுக்காமல் இருந்தால் எனக்கு வருத்தமில்லை. நன்றாகக் கோபப்படு. நேரில் வந்து திட்டிவிட்டுப் போ. ஆனால் உன் அண்ணனும் முதலில் போன் எடுப்பதைத்தான் நிறுத்தினார். அப்புறம் ஷேவ் செய்வது, அப்புறம் வேலைக்குப் போவது, அப்புறம்தான் மற்றதெல்லாம். அவர் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டு போய் இந்த மாதத்தோடு அரை வருஷம். அந்த வீட்டில் பிறந்தவர்களில் இப்போது மிச்சம் நீ ஒருத்திதான். அதனால்தான் மணி ஓய்ந்ததும் மறுபடியும் மறுபடியும் போடுகிறேன்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. அவருடைய பிரஷ்ஷெல்லாம் தின்னர் டப்பாவில் நின்றபடியே காய்ந்துவிட்டது. ஏணியைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். கொடுக்க மனசு வரவில்லை. "அதுல ஒரு படி ஆடுது, விழுந்து வைக்காதீங்க" என்று பொய் சொல்லி அனுப்பினேன். பேக்கரிக்குத் திரும்பவும் போகிறேன். மாவு பிசைகிற கைக்கு யோசிக்கத் தெரியாது, அது ஒரு நல்லது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் கஷ்டம். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்க ஆளில்லை.

அக்கம்பக்கத்தில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். பெயிண்டர் பெண்டாட்டி வாய் அப்படி, அதுதான் மனுஷன் போய்விட்டான் என்று. நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. ஒரே ஒரு வரி போதும். நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

அண்ணி


பிப்ரவரி 3

அண்ணிக்கு,

இருக்கிறேன்.

கல்லூரியில் பெருக்கித் துடைக்கிற வேலையிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். இப்போது ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது. எல்லாம் வெள்ளை எலிகள். சுண்டெலி எலி மேய்க்கப் போயிருக்கிறாள் என்று அண்ணன் இருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான். அந்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்த பிறகு எடுத்துப் பேசத் தெம்பில்லை. அவ்வளவுதான் காரணம்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், அது பொய். கோபமும் இருக்கிறது.

உங்கள் வாயால் அண்ணன் போனான் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் வாய் எப்போதும் அப்படித்தான். அதைக் கேட்டுத்தான் அண்ணன் கல்யாணத்துக்கே சரி என்றான். என் கோபம் வேறு. அவன் போன மூன்றாம் நாள் எல்லாரும் முன் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சர்க்கரை தூவின பன் தின்றுகொண்டிருந்தீர்கள். விரலில் ஒட்டினதையும் நக்கினீர்கள். எனக்கு அன்றைக்குத் தண்ணீரே தொண்டையில் இறங்கவில்லை. "உங்களுக்கு எப்படி அண்ணி இனிக்குது?" என்று கேட்டேன். அன்று மாலையே நான் பஸ் ஏறிவிட்டேன்.

அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நாத்தனார்


பிப்ரவரி 12

சுண்டெலிக்கு,

பதில் கேட்டாய். இனித்தது. அதுதான் பதில்.

மூன்று நாளாகப் பல்லில் எதுவும் படவில்லை. பேக்கரி ஓனர் சம்சாரம் ஒரு பை நிறைய பன் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். வாயெல்லாம் தித்தித்தது. அந்த நிமிஷம் அவர் இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. இது நான் பிசைந்த மாவு இல்லை, யாரோ அவசரக்காரி பிசைந்தது, இன்னும் கொஞ்சம் ஊற விட்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். அடுத்த கடி வாயில் இருக்கும்போது நினைவு வந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே அதையும் முழுங்கினேன். துப்பவில்லை. நீ பார்த்தது அந்தக் கடியைத்தான்.

அன்றிலிருந்து பன்னைப் பார்த்தாலே உன் குரல் காதில் விழுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தட்டு பன் அடுக்குகிறவள் நான், யோசித்துக்கொள். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

ஒன்று கேட்கிறேன். அந்த எலிகளுக்கு என்ன சீக்கு, எதற்கு ஆராய்ச்சி? நீ படித்தவர்கள் நடுவில் இருக்கிறாய், அதனால் கேட்கிறேன். உன் அண்ணனை ஒரே ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேனே, அங்கே சீட்டில் மனச்சோர்வு என்று எழுதினார்கள். "எதனால வந்துது சார்?" என்று டாக்டரைக் கேட்டேன். "மூளையில ரசாயன மாற்றம்மா" என்று சொல்லி மணியை அடித்துவிட்டார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டான். ரசாயனம் என்றால் எனக்குப் பெயிண்டும் தின்னரும்தான் தெரியும். அந்த வாசனை மண்டைக்கு ஏறித்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்து, அவர் வேலைச் சட்டைகளையெல்லாம் வெந்நீரில் ஊறப்போட்டு ஊறப்போட்டுத் துவைத்தேன். பைத்தியக்காரி மாதிரி துவைத்தேன். வாசனை போயிற்று. அவருக்கு ஒன்றும் போகவில்லை.

மாத்திரையைப் பத்து நாள் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிட்டார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

அது என்ன ரசாயனம் என்று கேட்டுச் சொல். தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காதே. தெரியாமல் இருப்பது ராத்திரி பகல் காதில் கொசு மாதிரி இருக்கிறது.

அண்ணி


மார்ச் 1

அண்ணிக்கு,

எதற்கு ஆராய்ச்சி என்று கேட்டீர்கள். அதற்குத்தான். இந்த எலிகளுக்கும் அண்ணன் சீக்குத்தான். அதாவது, அந்தச் சீக்கை வரவழைத்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இங்கே ஆராய்ச்சி மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். சோடா புட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள், நாங்கள் கண்ணாடி என்றே கூப்பிடுவோம், அவளும் திரும்புவாள். "ஒரு மனுஷனுக்கு இது எதனால வருது?" என்றேன். "அக்கா, ஒரே காரணம்னு மட்டும் நான் கண்டுபிடிச்சுட்டா எனக்கு நாளைக்கே பட்டம் குடுத்து மாலை போட்டுடுவாங்க" என்று சிரித்தாள். அப்புறம் கூண்டு கழுவும் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

மூளையில் ஒரு நரம்பும் அடுத்த நரம்பும் தொட்டுக்கொண்டு இருக்காதாம். நடுவில் மயிரிழை இடைவெளி. சேதி அதைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டிக் கொண்டுபோகிற பொருள்கள் பல. அதில் ஒன்று செரோடோனின். அது குறைந்ததால்தான் சீக்கு என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஆனால் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே அது கூடிவிடுகிறதாம், ஆளுக்குத் தேறுவதற்கோ சில வாரம் ஆகிறதாம். அப்படியென்றால் குறைந்ததை ஊற்றினால் சரியாகிவிடும் என்கிற கணக்கு இல்லை. அந்தச் சில வாரமும் உள்ளே வேறு ஏதோ மெதுவாக நடக்கிறது. அண்ணன் பத்து நாளில் நிறுத்தினான் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துக் காட்டியபோது கண்ணாடி கடிதத்தைக் கையில் வாங்கி அந்த வரியைத் தானே இன்னொரு தடவை படித்தாள்.

நரம்புக்குச் செடி மாதிரி கிளைகள் இருக்கின்றன. அந்தக் கிளைகள் தழைக்க உரம் மாதிரி ஒரு புரதம் மூளையே செய்துகொள்கிறது. ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பில் ஒரு சுரப்பு சுரக்கும், ஆபத்து போனதும் நின்றுவிடும். சிலருக்குக் குழாய் மூடாத மாதிரி அது ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஒழுகினால் உரம் குறைகிறது, கிளைகள் சுருங்குகின்றன. இன்னொன்றும் சொன்னாள். காய்ச்சல் வந்தால் யாராக இருந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வோம், யாரும் பேச வேண்டாம் என்று இருக்கும். அது உடம்பு நோயோடு சண்டை போடும்போது செய்கிற வேலை. சிலருக்குக் காயமும் இல்லாமல் காய்ச்சலும் இல்லாமல் அந்தச் சண்டை மட்டும் உள்ளே கனன்றுகொண்டே இருக்குமாம்.

இரத்தத்தில் வருமா என்றும் கேட்டேன். வரலாம் என்றாள். இதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியாது, சின்னச் சின்னதாக நிறைய இருக்கும், வாழ்க்கை என்ன செய்கிறது என்பதும் சேர வேண்டும், வரும் என்று எழுதி வைத்திருப்பதில்லை, வருவதற்கு இடம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்றாள்.

என் வேலையைச் சொல்கிறேன். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு பாட்டில் மாட்டுவேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர். தினமும் இடது வலது மாற்றி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் எலி பழக்கதோஷத்தில் ஒரே பக்கம் போகும். காலையில் எந்தப் பாட்டில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தராசில் வைத்துப் பார்ப்பேன். நன்றாக இருக்கிற எலி சர்க்கரைத் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்துவிடும். இன்னொரு வரிசை இருக்கிறது. அந்த எலிகளைத் தனித்தனியாக வைத்து, படுக்கையை ஈரமாக்கி, கூண்டைச் சாய்த்து வைத்து, விளக்கை நேரம் மாற்றி எரியவிட்டு வாரக்கணக்கில் படுத்துவார்கள். அடிப்பதில்லை, காயப்படுத்துவதில்லை. சின்னச் சின்னதாக. அந்த எலி இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு குடிக்கும். தாகத்துக்குக் குடிக்கும். இனிப்பைத் தேடிப் போகாது. எந்தப் பாட்டில் முதலில் தீர்ந்தது என்று பார்த்தாலே எந்த வரிசை எலி என்று சொல்லிவிடலாம்.

படுக்கையில் தண்ணீர் ஊற்றுவது நான்தான். அது என் வேலையில் சேர்த்தி.

நாத்தனார்


மார்ச் 12

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைத் துண்டு துண்டாகப் படித்தேன். பாதிக்கு மேல் புரிந்தது. ஆனால் முதல் தடவை அவசரமாகப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போய், "செரோடோனின் ஒரு பாட்டில் குடுங்க" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா, அது பாட்டில்ல வித்தா நான் ஏம்மா இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்?" என்றார். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தேன், ஊற்றுகிற கணக்கு இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

மாவு பொங்கவில்லை என்றால் மாவைத் திட்டுகிறவர்கள் உண்டு. எங்கள் ஓனரே திட்டுவார். நான் உன் அண்ணனை அப்படித்தான் திட்டினேன், எழுந்திருங்க, நடங்க, நாலு பேரைப் பாருங்க என்று. மழை நாளில் பேக்கரி சில்லிட்டுக் கிடந்தால் நல்ல மாவும் பொங்காது. ஈஸ்ட்டே பழசாக இருந்தால் வெயில் நாளிலும் பொங்காது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீ எழுதினதை நான் அப்படிப் புரிந்துகொண்டேன். தப்பாக இருந்தால் சொல்.

ஆனால் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. எல்லாம் உரமும் சுரப்பும்தான் என்றால் அவர் எங்கே? ஏணி மேல் நின்று விசிலடித்தாரே, அதுவும் சுரப்புதானா? என்னைக் கட்டிக்கொண்டது எந்தப் புரதம்? கண்ணாடியிடம் கேள். அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

கடைசி மாசங்களில் ஒரு நாள் அவர் சொன்னார்: "உலகத்துக்கே பிரைமர் அடிச்சு விட்டுட்டாங்கடி. மேல கலர் அடிக்க ஆளே வரல." பெயிண்டர் பேச்சு என்று நான் சிரித்தேன். அவரும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் இனிப்புக்குப் பறக்கிறவர், கரண்டியை வழித்து நக்குகிறவர், உனக்குத் தெரியாதா. அன்றைக்குப் பேசாமல் குடித்து முடித்தார். அப்புறம் என் டீயை நான் வாயில் வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. என் மேல் அவ்வளவு கோபம், வாயைத் திறந்து சொல்லக்கூடப் பிடிக்கவில்லை, இப்படித் தண்டிக்கிறார் என்று நினைத்தேன். இன்று வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மற்றதையெல்லாம் விட அந்த டீதான் என்னை அரிக்கிறது.

நீ எலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. என்ன சாப்பிடுகிறாய், யாரோடு பேசுகிறாய், எழுது. உன் அம்மாவும் கடைசிக் காலத்தில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார் என்று அவர் சொல்வார்.

இதோடு இரண்டு பொட்டலம் பிஸ்கட் அனுப்புகிறேன். ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், ஒன்றில் வெள்ளை. கடைக்குப் புதுசாகப் போடுகிறோம். இரண்டையும் தின்று பார்த்து எது நன்றாக இருக்கிறது என்று எழுது. மறக்காதே.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

பொட்டலம் வந்தது. சிவப்பு நூல் கட்டினதும் நன்றாக இருந்தது, வெள்ளை நூல் கட்டினதும் நன்றாக இருந்தது. இரண்டும் ஒன்றுபோலத்தான். இரண்டும் தீர்ந்துவிட்டது. சமைக்காத நாளுக்கு உதவியாக இருந்தது.

எழுதத் தாமதம். சில நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் எல்லாம் இல்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறப்பதில்லை, திறந்தாலும் எதிரே சுவர்தான்.

நீங்கள் கேட்டதைக் கண்ணாடியிடம் கேட்கவில்லை. அப்புறம் கேட்கிறேன்.

கவலைப்படாதீர்கள்.


ஏப்ரல் 6

சுண்டெலி,

இந்தக் கடிதம் முன்னால் வருமோ நான் முன்னால் வருவேனோ தெரியாது. சனிக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறேன். கதவைத் திற. திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்து என் வாயைத் திறப்பேன், தெருவே கூடிவிடும், எது வசதி என்று பார்த்துக்கொள்.

சிவப்பு நூல் கட்டின பொட்டலத்தில் ஒரு துளி சர்க்கரை கிடையாது.

வேண்டுமென்றேதான் செய்தேன். சர்க்கரை இல்லாவிட்டால் பிஸ்கட் சிவக்காது, வெளுத்துப் போய் நிற்கும், பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாய். அதனால் மேலே பால் தடவி நிறம் வரவழைத்தேன். ஓனர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு அப்படியே துப்பினார். "என்னம்மா இது, அட்டையைக் கடிச்ச மாதிரி இருக்கு! எந்த சீக்காளிக்கு இது?" என்று கத்தினார். "இன்னும் தெரியல சார், அதைப் பார்க்கத்தான் அனுப்பறேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ கடித்த உடனே எனக்குப் போன் பண்ணி, "அண்ணி, மூளை எங்க போச்சு, உப்புச் சப்பு இல்லாம என்ன கண்றாவி இது" என்று திட்டுவாய் என்று காத்திருந்தேன். போன் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் மாவுக் கையோடு ஓடினேன். ஓனர் சிரித்தார். உன் கடிதம்தான் வந்தது. இரண்டும் ஒன்றுபோலத்தான் என்று எழுதியிருக்கிறாய். தபால்காரர் முன்னாலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான், அம்மா. எந்த வரிசை என்று பாட்டிலைப் பார்த்தாலே தெரியும் என்று எழுதினாயே. அந்த எலிகளுக்கு ஒவ்வொரு நாளும் தராசு வைத்துப் பார்க்கிற உனக்கு உன்னைப் பார்க்க ஆளில்லையே.

அன்றைக்கு என்னைப் பார்த்து, உங்களுக்கு எப்படி இனிக்குது என்று கேட்டாய். நீ கேட்டது எனக்கு வலித்தது. இப்போது திருப்பிப் பார்க்கிறேன். எனக்கு இனித்ததில் கெடுதல் இல்லை. உனக்கு அன்றைக்குத் தண்ணீர் இறங்காததிலும் கெடுதல் இல்லை, அது அண்ணனைப் பறிகொடுத்த துக்கம். இன்றைக்கும் உனக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே, அதுதான் கெடுதல்.

ஒரு தடவை ஒருத்தரைப் பார்த்துக்கொண்டே இருந்து விட்டுவிட்டேன். இந்தத் தடவை விடமாட்டேன். துணி நாலு எடுத்து வை, டாக்டரிடம் போகிறோம். நீ ஒன்றும் பேச வேண்டாம், நான் பேசுகிறேன். எனக்குத்தான் வாய் இருக்கிறதே.

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

நீங்கள் போன பிறகு அறை பெரிசாகிவிட்டது. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டுப் போனீர்கள், அது ஆள் நிற்கிற மாதிரியே இருக்கிறது. இரண்டு தடவை பேசப் போனேன்.

உங்கள் மேல் இன்னும் கோபம். என்னை வெள்ளை எலி மாதிரி சோதித்துவிட்டீர்கள். கண்ணாடியிடம் சொன்னேன், அவள் என் பக்கம் பேசுவாள் என்று. "அக்கா, உங்க அண்ணி ஒண்ணே ஒண்ணு தப்பு பண்ணிட்டாங்க. அஞ்சாறு பேருக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்த்திருக்கணும்" என்கிறாள். இவளை நம்பி நான் அழுதேன் பாருங்கள்.

அந்த டாக்டர் உங்களை மறக்க மாட்டார். ரசாயனம் என்று அவர் வாயைத் திறந்ததுமே, "எந்த ரசாயனம்னு சொல்லுங்க, அப்படியே சொல்லி அனுப்பாதீங்க, நாங்க அதை ஒரு தடவை கேட்டு ஏமாந்தாச்சு" என்றீர்கள். மனுஷன் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். தைராய்டு பார்க்க வேண்டும், இரத்தச் சோகை பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். முதலில் வயிற்றைப் புரட்டியது, இப்போது அது இல்லை. மற்றபடி ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சில வாரம் ஆகும் என்று அவரும்தான் சொன்னார், நானேதான் உங்களுக்கும் எழுதினேன். எழுதுவது சுலபமாக இருந்தது. நிறுத்திவிடலாமா என்று நேற்றுத் தோன்றியது. அண்ணனுக்கும் இப்படித்தான் தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போட்டேன். வாரா வாரம் பேசுவதற்கும் டாக்டர் சொன்ன ஒரு அம்மாளிடம் போகிறேன். அவர் கேட்கிறார், நான் ஜன்னலைப் பார்க்கிறேன். போகப் போகப் பேச்சு வரும் என்கிறார்.

படுக்கையில் தண்ணீர் ஊற்றுகிற வேலையைக் கண்ணாடி தானே எடுத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை.

நீங்கள் இருந்தபோது சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன். சிவப்பு நூல் பொட்டலத்தில் சர்க்கரை இல்லை என்று முதல் கடியிலேயே என் நாக்குக்குத் தெரிந்துவிட்டது, அண்ணி. எனக்குத் தெரியாமல் இல்லை. அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இருந்தது. உங்கள் நினைப்பே அதில் வரவில்லை.

அதனால் சொல்கிறேன். அண்ணனுக்கும் அந்த டீயில் சர்க்கரை இல்லை என்று தெரிந்திருக்கும். உங்களைத் தண்டிக்க அவன் பேசாமல் குடிக்கவில்லை. கோபம் இருந்திருந்தால், "என்னடி இது, கழுநீரா?" என்று கத்தியிருப்பான். கத்துவதற்கும் ஒரு ஆசை வேண்டும் உள்ளே. அது அன்றைக்கு அவனிடம் இல்லை. நான் உள்ளே இருந்து சொல்கிறேன். அங்கே உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை.

நாத்தனார்


மே 11

சுண்டெலிக்கு,

கடைசியில் நீ எழுதினதை மட்டும் கிழித்து எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். பின்பக்கம் தைராய்டு இருந்தது. அதனால் முழுசாகவே வைத்திருக்கிறேன்.

படித்த அன்று சர்க்கரை போடாமல் ஒரு டீ போட்டேன். அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து அவர் மாதிரியே பேசாமல் குடித்துப் பார்க்கலாம் என்று. இரண்டாவது மடக்கு தாண்டவில்லை. எழுந்து போய் சர்க்கரை போட்டுக்கொண்டேன். இதை எப்படித்தான் முழுசும் குடித்தார் என்று நினைத்தபோதுதான் அவர் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கை எட்டுகிற தூரம்.

ஏணியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். "ஆடுதுன்னீங்களே?" என்றார். "இப்ப ஆடல" என்றேன். ஏணி நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, பளிச்சென்று இருக்கிறது. நான் சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் நீளம். கடையும் இல்லை, மாவும் இல்லை. உன்னைக் கூட்டி வைத்துக்கொள்ள ஆசைதான். நீ உன் வேலையை விட வேண்டாம், நான் என் வேலையை விட்டால் எனக்குக் கை அரிக்கும். இப்படியே இரு. ஆனால் போன் எடு. பேச வேண்டாம். எடுத்து வைத்துக்கொண்டிரு, நான் பேசிக்கொள்கிறேன்.

ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்றுதான், நூல் எந்த நிறமும் இல்லை, சணலில் கட்டியிருக்கிறேன். சோதனை எதுவும் இல்லை. கடையில் எல்லாருக்கும் போடுகிற அளவு சர்க்கரை. நன்றாக இருந்தது என்று எனக்காக எழுதாதே. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் தெரியவில்லை என்று எழுது. நான் காத்திருப்பேன். மழை நாளில் மாவுக்குக் காத்திருக்கிறவள்தானே.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

பொட்டலம் வந்து நாளாயிற்று. வந்தபோதே பாதி நொறுங்கியிருந்தது. வந்த அன்று ஒன்று தின்றேன். ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி அதையே எழுத உட்கார்ந்தேன், எழுதவும் வரவில்லை. டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

மாத்திரை போடுகிறேன். ஒரு நாள் கொஞ்சம் தெம்பு இருக்கிறது, மறுநாள் இல்லை. அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார் டாக்டர். போன வாரம் ஜன்னலைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் பாதிக்குப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அதை எப்போது அடித்தார்கள் என்று எனக்குத் தெரியவே இல்லை.

நீங்கள் கேட்டதைக் கண்ணாடியிடம் கேட்டேன், விசிலடித்தது எந்தச் சுரப்பு என்று. சிரிப்பாள் என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்கவில்லை. "தெரியாது, அக்கா" என்றாள். "விசில் எப்படி நின்னுச்சுன்னு மட்டும்தான் நாங்க தேடறோம்."

இன்று வேலையிலிருந்து வந்தேன். பசி. செருப்பைக் கூடக் கழற்றாமல் டப்பாவைத் திறந்து கையில் அகப்பட்ட தூளை வாயில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணி, சர்க்கரை அதிகம். உங்கள் ஓனர் ஒன்றும் சொல்ல மாட்டாரா? எல்லாருக்கும் போடுகிற அளவு என்று எழுதியிருக்கிறீர்கள், யாரிடம் இந்தக் கதை? பல்லில் ஒட்டுகிறது. "இங்க வாங்க, இதைத் தின்னு பாருங்க" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அறையில் யாரும் இல்லை, பாய்தான் மூலையில் நின்றது. அழுகை வந்தது. வாயில் இருந்ததைத் துப்பத் தோன்றவில்லை. அன்றைக்கு நீங்கள் ஏன் துப்பவில்லை என்று அப்போது தெரிந்தது.

நான் சொல்வது சரிதானா என்று பார்க்க இன்னொன்று எடுத்தேன். உடையாத ஒன்று இருந்தது.

தூக்கலாகத்தான் இருக்கிறது. அடுத்த தடவை குறைத்துப் போடுங்கள்.

சுண்டெலி